பார்வையாளர் கதிரைகள்

சபை மண்டபத்தின் பின்சுவரோரம்
நான்கு பிளாஸ்டிக் கதிரைகள்.
'பொதுமக்கள்' என்று எழுதிய மட்டை
ஓர் ஆணியில் சரிந்து தொங்கும்.
ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போயிருந்ததைப்
பிரித்தெடுக்கவே முதல் மாதம்
எங்களுக்குப் பத்து நிமிடம் போனது.

நான் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவன், மட்டிக்களி.
எட்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவே
வானும் சும்மா, நானும் சும்மா.
மஸாஹிரா ஜமாலியாவிலிருந்து வருவார்,
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து
நித்திரையைத் தள்ளிப்போட்டுவிட்டு.
பியசீலிக்கு அபயபுரவில் முட்டைக் கடை.
அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும்
பாதிவழியில் சந்தித்துக்கொள்ளும்.

எங்கள் மூன்று தெருவின் அழுக்கும்
சண்டை சச்சரவில்லாமல் போய்ச் சேர்வது
ஒரே வாய்க்காலில்.
மார்கழி அடைமழைக்கு அது திரும்பி வரும்.
போன வருசம் கட்டிலுக்கடியில்
மகளின் கணக்குக் கொப்பிகள் மிதந்தன.

சின்னவிரல் மை ஒரு கிழமையில் போய்விடும்.
அதோடு என் வேலை முடிந்ததென்றுதான்
நாற்பத்தாறு வயதுவரை இருந்தேன்.

"யாருக்கு எதிராக முறைப்பாடு?" என்றார் லிகிதர்.
ஒருவருக்கும் இல்லை.
"அப்ப மனுவா?"
இல்லை, பார்க்க வந்தோம்.
பஸ் நிலையத்து மான் ஒன்று
படியேறி உள்ளே வந்துவிட்டதுபோல் பார்த்தார்.
"யார் அனுப்பினது?"

இந்த ஊரில் அந்தக் கேள்வியை
எத்தனை சந்தியில், எத்தனை மொழியில்
கேட்டுவிட்டார்கள்.
என் அப்பா சொன்ன எந்தப் பதிலும்
சரியாய் இருந்ததில்லை.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
மஸாஹிராதான் சொன்னார்:
"வாய்க்கால்."

கூட்டம் ஒன்பதரைக்கு. தொடங்கியது பத்தேகாலுக்கு.
பஸ் தரிப்பிடத்துக் கல்லில்
எவர் பெயர் முதலில் என்று ஐம்பது நிமிடம்.
சீ.ஆர். கொப்பியில் எழுதினேன்:
பெயர், ஐம்பது. வாய்க்கால், பூச்சியம்.

"அண்ணா, எந்தக் கட்சியில் கேட்கப்போறீங்கள்?"
வானில் ஏறும் பிள்ளைகளின் தாய்மார் சிரித்தார்கள்.
ஒரு வீட்டார் சிரிக்காமல்
பிள்ளையை வேறு வானுக்கு மாற்றினார்கள்.

மூன்றாம் மாதம் ஓர் உறுப்பினர்
"பொதுசனம்" என்று கையை உயர்த்தியவர்
தற்செயலாய்த் திரும்பிப் பார்த்தார்.
சொல் பின்னால் உட்கார்ந்திருந்தது.
மிச்சத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

நாலாம் மாதம் கதிரைகளைக் காணவில்லை.
ஏதோ சாவீட்டுக்குப் போயிருக்கிறதாம்.
நின்றபடியே எழுதினேன்.
திரும்பி வந்தபோது ஒன்றின் கால் வெடித்திருந்தது.

ஐந்தாம் மாதம் முன்னேற்ற அறிக்கை:
"மட்டிக்களி வாய்க்கால், தூர் அகற்றல், நிறைவேற்றப்பட்டது."
பியசீலி என் முழங்கையைப் பிடித்து
என்னவாம் என்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.
அவர் எழுந்து நின்றார்.
காலையில் அதே வாய்க்காலைக் கடந்து வந்தவர்,
செருப்பும் கணுக்காலும் கறுப்பு.
நாங்களும் எழுந்தோம்.
"பார்வையாளர்கள் பேச முடியாது."
பேசவில்லை.
மின்விசிறி சுற்றுகிற சத்தம்.
யாரோ மூக்கைப் பொத்தினார்கள்.
செயலாளர் ஒரு பக்கம் பின்னுக்குத் தட்டி
ஒரு சொல்லை வெட்டினார்,
மேலே 'நிலுவை' என்று எழுதினார்.

அவ்வளவுதான். ஒரு சொல்.
வெளியே வந்து பிளேன்டீ குடிக்கையில்
பியசீலி, முட்டைக்குக் கணக்குப் பார்க்கிற குரலில்,
"வானின் பழைய எஞ்சின் ஒயில் எங்கே ஊற்றுகிறது?" என்றார்.
இரண்டு வருசமாய் எங்கே ஊற்றினேன் என்று
எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.
மஸாஹிரா கொப்பியைத் திறந்து நீட்டினார்.
அதையும் எழுதினேன்,
திகதி போட்டு, கையொப்பம் வைத்து.

வாய்க்கால் இன்னும் நாறுகிறது.
அடுத்த கூட்டம் செவ்வாய்.
கால் வெடித்த நாலாவது கதிரையில்
இதுவரை எங்கள் குடைகள்தான் உட்கார்ந்தன.
வான் பெட்டியிலிருந்து கொஞ்சம் கட்டுக்கம்பி எடுத்துப்
பையில் வைத்திருக்கிறேன்.